லேப்டாப்பில் ஓடும் புரோகிராம் கடையில் ஏன் மக்கர் செய்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஹார்டுவேர் கடைக்கு விபி டாட்நெட் மொழியில், ஜன்னல்களையும் பட்டன்களையும் அமைத்துத் தரும் வின்ஃபார்ம்ஸ் வைத்து, பில்லிங் புரோகிராம் எழுதியிருக்கிறீர்கள். டேட்டாபேஸ் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ். உங்கள் லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. கடையில் மூன்று சிஸ்டம். முதலாவதில் திறந்தவுடனே, ப்ரொவைடர் (டேட்டாபேஸைத் திறந்து தரும் மென்பொருள்) இந்தக் கம்ப்யூட்டரில் பதிவாகவில்லை என்று எரர். இரண்டாவதில் மாத ரிப்போர்ட் எடுத்தால் திரை வெளுத்து ‘நாட் ரெஸ்பாண்டிங்’. கல்லாவில் இருக்கும் மூன்றாவது சிஸ்டம் காலையில் நன்றாக ஓடுகிறது. சாயங்காலம் ஆனால் கிரிட்டின் (விவரங்களைக் காட்டும் கட்ட அட்டவணை) மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி விழுந்து, கொஞ்ச நேரத்தில் புரோகிராமே மூடிக்கொள்கிறது. இவை போக, தேதி வாரியாகத் தேடினால் சில பில்கள் வருவதில்லை, மாதக் கணக்கு சில பைசா உதைக்கிறது, பில்லில் பொருளின் தமிழ்ப் பெயர் சரியாக விழவில்லை. மூன்று சிஸ்டத்திலும் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். கடைக்காரருக்கு ஒரு நாள் வியாபாரம் போகும், கோளாறு அப்படியே இருக்கும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இங்கே ஆறு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் விண்டோஸ் காரணம் இல்லை. ஆறுக்கும் பொதுவாக ஒரு விஷயம் உண்டு: உங்கள் லேப்டாப்புக்கும் கடை சிஸ்டத்துக்கும் ஏதோ ஒன்றில் வித்தியாசம் இருக்கிறது, அந்த வித்தியாசம் இருக்கும் இடத்தில்தான் புரோகிராம் விழுகிறது. ஆபீஸ் 32 பிட்டா 64 பிட்டா, டேட்டா எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை பில், தேதி அமைப்பு என்ன, பிரின்டர் எது என்று வித்தியாசங்களைத் தேடினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. புரோகிராமை வாய் திறக்க வையுங்கள். நீங்கள் அனுப்பிய கோடில் ஆறு இடத்தில் டிரை கேட்ச் (பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும் அமைப்பு) இருக்கிறது, ஆறிலும் கேட்ச் பகுதி காலி. எரர் பெட்டி வந்தால் கடைக்காரர் பயப்படுவார் என்று அப்படி எழுதியிருப்பீர்கள். ஆனால் அந்தக் காலி கேட்ச்தான் உங்களை இப்போது இருட்டில் நிறுத்தியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், புரோகிராமின் வெர்ஷன், எக்ஸெப்ஷனின், அதாவது ஓடும்போது வந்த பிழையின், முழு விவரம் நான்கையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். எக்ஸெப்ஷனின் ‘மெசேஜ்’ மட்டும் போதாது, ‘டூஸ்ட்ரிங்’ வேண்டும். அதில்தான் உள்ளே புதைந்திருக்கும் இன்னர் எக்ஸெப்ஷனும், எந்த வரிசையில் எந்த ஃபங்ஷன் அழைக்கப்பட்டது என்பதும் வரும். கம்பைல் செய்யும்போது கூடவே உருவாகும் பிடிபி ஃபைலையும் எக்ஸ்இ ஃபைலோடு சேர்த்துக் கொடுத்தால் வரி எண்ணும் கிடைக்கும். எங்கும் பிடிபடாத எக்ஸெப்ஷனுக்கு விபியில் ‘மை அப்ளிகேஷன்’ பகுதியில் அன்ஹாண்டில்டு எக்ஸெப்ஷன் நிகழ்வு இருக்கிறது. அதிலும் அதே ஃபைலில் எழுதுங்கள்.

நீங்கள் எதுவும் எழுதாவிட்டாலும் விண்டோஸ் தன் பங்குக்குக் குறித்து வைத்திருக்கும். ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன் என்று போங்கள். டாட்நெட் புரோகிராம் விழுந்தால் பெரும்பாலும் இரண்டு பதிவுகள் அடுத்தடுத்து இருக்கும். 1026 என்பது டாட்நெட் ரன்டைம் எழுதியது, எக்ஸெப்ஷனின் பெயரும் அழைப்பு வரிசையும் அதில் இருக்கும். 1000 என்பது விண்டோஸ் எழுதியது, அதில் ஒரு எக்ஸெப்ஷன் கோட் வரும். அந்தக் கோடுகளில் நாலைந்தை மனதில் வைத்திருப்பது நல்லது. ஈ0434352 என்றால் விழுந்தது டாட்நெட் பக்கம், 1026-ஐப் படியுங்கள் என்று அர்த்தம். சி0000005 என்றால் தனக்குச் சொந்தமில்லாத மெமரியைத் தொட்டிருக்கிறது. பெரும்பாலும் நீங்கள் அழைக்கும் ஏதோ ஒரு பழைய டிஎல்எல் (புரோகிராம்கள் கடன் வாங்கும் கோட் ஃபைல்) அல்லது டிரைவர். சி0000135 என்றால் தேவையான டிஎல்எல் இல்லை. சி000007பி என்றால் 32 பிட் புரோகிராமும் 64 பிட் டிஎல்எல்லும் மோதிக்கொண்டன, அல்லது ஃபைல் கெட்டிருக்கிறது. சி00000எஃப்டி என்றால் ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே முடிவில்லாமல் அழைத்து, அழைப்புகளைக் குறித்து வைக்கும் ஸ்டாக் மெமரியை நிரப்பிவிட்டது.

இன்னொன்று, இது பலரை ஏமாற்றியிருக்கிறது. 64 பிட் விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோவின் டீபக்கரோடு (பிழை தேடும் கருவி) ஓட்டும்போது, ஃபார்மின் லோட் நிகழ்வில் வரும் எக்ஸெப்ஷன் சில சமயம் சத்தமே இல்லாமல் விழுங்கப்பட்டுவிடும். லோடில் பத்து வரி இருந்தால், மூன்றாவது வரியில் பிழை வந்து மிச்சம் ஏழு வரி ஓடாமலே ஃபார்ம் திறந்து நிற்கும். என் லேப்டாப்பில் சரியாக ஓடியது என்று நாம் நினைப்பதே தவறாக இருக்கலாம். அதனால் முக்கியமான வேலைகளை லோடில் வைக்காமல் கன்ஸ்ட்ரக்டரிலோ, ‘ஷோன்’ நிகழ்விலோ வையுங்கள்.

சரி, முதல் சிஸ்டம்.

ப்ரொவைடர் பதிவாகவில்லை என்ற எரர் கிட்டத்தட்ட எப்போதும் பிட் கணக்கு உதைப்பதால் வருவது. ஆக்சஸ் ஃபைலைத் திறக்க இரண்டு என்ஜின்கள் உண்டு. பழையது ஜெட் 4.0. இது விண்டோஸோடே வருகிறது, ஆனால் 32 பிட் மட்டும்தான், 64 பிட் ஜெட் என்று ஒன்று வெளியாகவே இல்லை. புதியது ஏஸ். இது ஆபீஸோடு வரும், அல்லது தனியாக நிறுவ வேண்டும், 32, 64 இரண்டிலும் இருக்கிறது. உங்கள் ப்ராஜெக்ட் ‘எனி சிபியு’ என்ற அமைப்பில் இருக்கிறது. ‘ப்ரிஃபர் 32 பிட்’ டிக் இல்லை. அப்படியென்றால் 64 பிட் விண்டோஸில் அது 64 பிட் புரோகிராமாகவே ஓடும், 64 பிட் ஏஸைத் தேடும். உங்கள் லேப்டாப்பில் 64 பிட் ஆபீஸ் இருப்பதால் கிடைத்துவிடுகிறது. கடையின் முதல் சிஸ்டத்தில் பழைய 32 பிட் ஆபீஸ் இருக்கும், அல்லது ஆபீஸே இருக்காது. மற்ற இரண்டில் 64 பிட் ஆபீஸ் இருக்க வேண்டும், அதனால்தான் அங்கே திறக்கிறது. போய்ப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி: ப்ராஜெக்டை எக்ஸ்86 என்று மாற்றுங்கள், டேட்டாபேஸ் எம்டிபி ஃபைலாக இருந்தால் ஜெட் 4.0 மூலமே திறங்கள். கடையில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஜெட் இன்னும் இருக்கிறது. ஏசிசிடிபி ஃபைலாக இருந்தால் ஜெட்டால் திறக்க முடியாது, ஏஸ் வேண்டும். அப்போது புரோகிராமையும் ஏஸையும் ஒரே பிட்டில் வைக்க வேண்டும். 64 பிட் ஆபீஸ் இருக்கும் சிஸ்டத்தில் 32 பிட் ஏஸை நிறுவப் போனால் மறுத்துவிடும். சுவிட்ச் போட்டு வம்படியாக நிறுவும் வழிகள் சொல்வார்கள். அப்படிச் செய்த இடங்களில் ஆபீஸைத் திறக்கும் போதெல்லாம் அது தன்னையே ரிப்பேர் செய்ய ஆரம்பித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பிட் விஷயத்தில் பெயர்களும் குழப்பும். 64 பிட் விண்டோஸில் ‘சிஸ்டம்32’ ஃபோல்டருக்குள் இருப்பவை 64 பிட் டிஎல்எல்கள். 32 பிட் டிஎல்எல்கள் இருப்பது ‘சிஸ்வாவ்64’ ஃபோல்டரில். பழைய புரோகிராம்கள் சிஸ்டம்32 என்ற பெயரை உள்ளேயே எழுதி வைத்திருந்ததால் பெயரை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். டிஎல்எல் வகையைச் சேர்ந்த ஒரு ஓசிஎக்ஸ் ஃபைலைப் பதிவு செய்யப் போய், ஃபைல் கண்முன்னே இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறதே என்று மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும்.

இரண்டாவது சிஸ்டத்தில் திரை வெளுப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அது ஏன் என்று புரிந்துவிட்டால் விண்டோஸ் புரோகிராமிங் பாதி புரிந்துவிடும்.

உங்கள் ஃபார்முக்கு ஒரே ஒரு த்ரெட்தான், அதாவது வேலை செய்ய ஒரே ஆள். பட்டன் அழுத்தியது, கீபோர்டில் தட்டியது, திரையை மறுபடி வரையச் சொன்னது எல்லாம் ஒரு வரிசையில் வந்து நிற்கும். அந்த த்ரெட் ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கும். கல்லாவில் ஒரே ஆள் உட்கார்ந்திருக்கும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வந்து குடோனில் இருக்கும் மோட்டார் வேண்டும் என்கிறார். கல்லாவில் இருப்பவரே எழுந்து குடோனுக்குப் போய்விட்டால், ஒரு ரூபாய் சில்லறை கேட்டு வந்தவரும் நிற்க வேண்டியதுதான். பட்டனின் கிளிக் நிகழ்வுக்குள் நாற்பது விநாடி ஓடும் ரிப்போர்ட்டை எழுதினால் நடப்பது இதுவே. சுமார் 5 விநாடி அந்த த்ரெட் வரிசையைக் கவனிக்கவில்லை என்றால், விண்டோஸ் உங்கள் ஜன்னலை மறைத்துவிட்டு அதே மாதிரி ஒரு வெளுத்த நகலை வைத்து, தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று சேர்த்துவிடும். உள்ளே புரோகிராம் சாகவில்லை, வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. பொறுமையாக விட்டால் பல சமயம் ரிப்போர்ட் வந்துவிடும். ஆனால் கடையில் யார் பொறுமையாக விடுவார்கள்? இரண்டு தடவை கிளிக் செய்து, அப்புறம் டாஸ்க் மேனேஜரில் மூடிவிடுவார்கள். ஆக்சஸ் ஃபைலில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அப்படி மூடினால் ஃபைலே கெடலாம்.

இதற்கு முதலில் கண்ணில் படும் மருந்து ‘டூஈவென்ட்ஸ்’. லூப்புக்குள் அந்த ஒரு வரியைப் போட்டால் திரை வெளுக்காது. நானும் ஒரு காலத்தில் போட்டேன். ஒரு மருந்துக் கடைக்கு எழுதிய புரோகிராமில், பில்லைச் சேமிக்கும் லூப்புக்குள். டூஈவென்ட்ஸ் என்ன செய்யும் என்றால், நடந்துகொண்டிருக்கும் வேலையை நடுவில் நிறுத்திவிட்டு வரிசையில் நிற்பவற்றைக் கவனிக்கும். வரிசையில் நின்றது சேமிப்பு பட்டனின் இரண்டாவது கிளிக். ஒரே பில் இரண்டு தடவை பதிவாகி, இருப்பில் இரண்டு மடங்கு குறைந்தது. மூன்று மாதம் கழித்து ஸ்டாக் எடுக்கும்போதுதான் தெரிந்தது. அந்தக் கடையில் வேலை பார்த்த பையன் மருந்தை எடுத்துவிட்டான் என்று பேச்சு வந்துவிட்டது. அதன் பிறகு நான் டூஈவென்ட்ஸைத் தொட்டதில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

சரியான வழி, குடோன் வேலைக்குத் தனி ஆள் வைப்பது. கிளிக் நிகழ்வை ‘அசிங்க்’ ஆக்கி, டேட்டாபேஸ் வேலையை ‘டாஸ்க் ரன்’ மூலம் வேறு த்ரெட்டுக்கு அனுப்பி, ‘அவெயிட்’ போட்டுக் காத்திருங்கள். 2012-இல் வந்த விஷுவல் ஸ்டுடியோவிலிருந்து விபியிலும் சி ஷார்ப்பிலும் இது இருக்கிறது. வேலை ஆரம்பிக்கும்போது பட்டனை முடக்கி, முடிந்ததும் திறந்துவிடுங்கள். இதில் நான்கு பள்ளங்கள் உண்டு.

அந்தத் தனி த்ரெட்டிலிருந்து டெக்ஸ்ட்பாக்ஸையோ கிரிட்டையோ தொடக்கூடாது. ஜன்னலை உருவாக்கிய த்ரெட்தான் அதைத் தொடலாம். மீறினால் டீபக்கரில் ‘கிராஸ் த்ரெட்’ எரர் வரும். டீபக்கர் இல்லாமல் ஓடும்போது அந்தச் சோதனை இருக்காது, கோளாறு எப்போதாவது ஒரு நாள் வேறு வடிவில் வரும். அந்தச் சோதனையை அணைத்துவிடும் ஒரு வரியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது தீ எரியும்போது அலாரத்தைக் கழற்றி வைப்பது. அவெயிட்டுக்கு அடுத்த வரி தானாகவே ஃபார்மின் த்ரெட்டுக்குத் திரும்பிவிடும், அங்கே கிரிட்டை நிரப்புங்கள். நடுவில் தொட வேண்டியிருந்தால் ‘இன்வோக்’.

அவெயிட் எழுத வேண்டிய இடத்தில் அவசரத்தில் ‘.ரிசல்ட்’ என்று எழுதிவிட்டால் புரோகிராம் நிரந்தரமாக நின்றுவிடலாம். ஃபார்மின் த்ரெட், டாஸ்க் முடியட்டும் என்று காத்திருக்கும். டாஸ்க்குக்குள் இருக்கும் அவெயிட், ஃபார்மின் த்ரெட் காலியாகட்டும் என்று காத்திருக்கும். ‘நீங்க முதல்ல போங்க’ என்று வாசலில் இரண்டு பேரும் நிற்கிற கதை.

மூன்றாவது, ஆக்சஸோடு பேச நீங்கள் வைத்திருக்கும் ஓஎல்ஈடிபியின் கமாண்டில் ‘எக்ஸிக்யூட் ரீடர் அசிங்க்’ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பெயரைப் பார்த்து நம்பாதீர்கள். ஓஎல்ஈடிபி அதைத் தனக்கென்று எழுதிக்கொள்ளவில்லை. பொது கிளாஸில் இருக்கும் ஃபங்ஷன்தான் ஓடும், அது சாதாரணமாகக் காத்திருந்து முடித்துவிட்டே திரும்பும். அதை மட்டும் போட்டால் திரை முன்போலவே வெளுக்கும். அதனால்தான் டாஸ்க் ரன் வேண்டும் என்றேன்.

நான்காவது, கனெக்ஷனை ஃபார்மில் ஒன்று திறந்து வைத்து எல்லா த்ரெட்டிலும் பகிராதீர்கள். தேவைப்படும் இடத்தில் ‘யூசிங்’ போட்டுத் திறந்து மூடுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் நாற்பது விநாடி நாற்பது விநாடிதான், திரை வெளுக்காது என்பது மட்டுமே லாபம். ஏன் நாற்பது விநாடி ஆகிறது என்றும் பாருங்கள். உங்கள் கோடில் ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாக வாடிக்கையாளர் பெயரைக் கேட்டு ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) போகிறது. லேப்டாப்பில் 50 பில், 50 குவெரி, கண் மூடித் திறப்பதற்குள் முடிகிறது. கடையில் ஆயிரக்கணக்கான பில், அதுவும் நெட்வொர்க்கில் இன்னொரு சிஸ்டத்தில் இருக்கும் ஃபைல். ஒரே குவெரியில் ஜாயின் போட்டு எடுங்கள், பில் தேதிக்கு இண்டெக்ஸ் வையுங்கள், கிரிட்டில் வரி வரியாகச் சேர்க்காமல் டேட்டா டேபிளை மொத்தமாகக் கட்டிவிடுங்கள்.

எங்கே நிற்கிறது என்று ஊகிக்க வேண்டியதும் இல்லை. லேப்டாப்பில் நின்றால் விஷுவல் ஸ்டுடியோவில் ‘பிரேக் ஆல்’ அழுத்தி, கால் ஸ்டாக்கைப் பாருங்கள், எந்த வரி என்று அதுவே காட்டும். கடையில் நின்றால் டாஸ்க் மேனேஜரில் அந்தப் பெயரின் மேல் வலது கிளிக் செய்து டம்ப் ஃபைல் (அந்த நேரத்து மெமரியின் நகல்) எடுத்து வந்து, வீட்டில் விஷுவல் ஸ்டுடியோவில் திறக்கலாம். நீங்கள் எக்ஸ்86-க்கு மாறப் போவதால், டம்பை சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருக்கும் டாஸ்க் மேனேஜர் வழியாக எடுங்கள். வழக்கமான 64 பிட் டாஸ்க் மேனேஜர் 32 பிட் புரோகிராமுக்கு எடுக்கும் டம்ப் படிக்கச் சிரமமானது.

கல்லா சிஸ்டத்துக்கு வருவோம். காலையில் சரி, மாலையில் கோளாறு என்று கேட்டதுமே எனக்குத் தோன்றியது ஏதோ ஒன்று பில்லுக்குப் பில் சேர்ந்துகொண்டே போகிறது என்பதுதான். சிவப்புப் பெருக்கல் குறி அதை உறுதி செய்கிறது. ஒரு கன்ட்ரோல் தன்னை வரையும்போது எக்ஸெப்ஷன் வந்தால், வின்ஃபார்ம்ஸ் அதை வெள்ளைப் பின்னணியில் சிவப்புப் பெருக்கல் குறியாக வரைந்துவிட்டு நகர்ந்துவிடும். வரைய முடியாமல் போனதற்குக் காரணம் மெமரி தீர்ந்தது என்று எரர் சொல்லலாம். நம்பாதீர்கள், டாஸ்க் மேனேஜரில் மெமரி தாராளமாகவே இருக்கும். தீர்ந்தது ஹேண்டில், அதாவது ஜன்னல், ஃபான்ட் போன்ற ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் கொடுக்கும் அடையாள எண். ஒரு புராசஸுக்கு 10,000 யூசர் ஆப்ஜெக்ட், 10,000 ஜிடிஐ ஆப்ஜெக்ட் என்பது விண்டோஸின் வழக்கமான வரம்பு. ஜன்னல், பட்டன், டெக்ஸ்ட்பாக்ஸ் ஒவ்வொன்றும் யூசர் கணக்கில் ஒன்று. ஃபான்ட், பிட்மேப் போன்றவை ஜிடிஐ கணக்கில்.

உங்கள் கோடில் கல்லா ஃபார்மில் மட்டும் ஒரு பேனல் இருக்கிறது, அடிக்கடி விற்கும் 40 பொருளுக்குப் பட்டன்கள். ஒவ்வொரு பில் முடிந்ததும் ‘கன்ட்ரோல்ஸ் கிளியர்’ என்று காலி செய்து, புதிதாக 40 பட்டன் போடுகிறீர்கள். கிளியர் என்ற பெயர் எல்லோரையும் ஏமாற்றுகிறது. அது பட்டன்களைப் பேனலிலிருந்து எடுக்கும், அழிக்காது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அவற்றின் ஹேண்டில்கள் அப்படியே இருக்கும். 40 பட்டன், 250 பில், பெருக்கினால் சரியாக 10,000. கடையில் 250-ஆவது பில் சாயங்காலம்தானே விழும்! லேப்டாப்பில் நீங்கள் பத்து பில் போட்டுப் பார்த்திருப்பீர்கள், 400 ஹேண்டிலோடு நின்றிருக்கும்.

சரிசெய்வது எளிது. பேனலில் கன்ட்ரோல் இருக்கும் வரை, பூஜ்யமாவது கன்ட்ரோலை ‘டிஸ்போஸ்’ செய் என்று ஒரு வைல் லூப். ஃபார் ஈச் போடாதீர்கள், டிஸ்போஸ் ஆகும்போது அது பட்டியலிலிருந்தும் விலகுவதால் ஒன்று விட்டு ஒன்று தப்பிவிடும். இதைவிட நல்லது, 40 பட்டனை ஒரே முறை உருவாக்கி, எழுத்தை மட்டும் மாற்றிக்கொள்வது. இதே வகையில் இன்னொரு ஓட்டையும் உங்கள் கோடில் இருக்கிறது. ‘ஷோ டயலாக்’ மூலம் திறக்கும் ஃபார்ம், மூடியதும் டிஸ்போஸ் ஆகாது, ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். அதற்கும் யூசிங் வேண்டும். டாட்நெட் தானே குப்பை பொறுக்கும் என்று நினைக்கத் தோன்றும். அது பொறுக்குவது மெமரி அளவைப் பார்த்து. சின்னச் சின்ன ஆப்ஜெக்ட் பத்தாயிரம் இருந்தாலும் மெமரியில் பெரிய பாரம் தெரியாததால் அவசரப்படாது.

தேதிக்கு ஒரு கேள்வி. வராமல் போகும் பில்கள் எல்லாம் மாதத்தின் முதல் 12 நாட்களில் போட்டவையா? அப்படியென்றால் தேதியை எழுத்தாக ஒட்டி எஸ்க்யூஎல் குவெரி எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஹேஷ் குறிக்குள் 05-04-2024 என்று எழுதினால் நாம் நினைப்பது ஏப்ரல் 5, ஆக்சஸ் படிப்பது மே 4. அதுவே 25-04-2024 என்றால், 25-ஆம் மாதம் கிடையாது என்பதால் அமைதியாகத் திருப்பிப் போட்டு ஏப்ரல் 25 என்று சரியாக எடுத்துக்கொள்ளும். எரர் வராத பிழை இது, அதனாலேயே எனக்கு இதன் மேல் பயம் அதிகம். தேதியை எழுத்தாக ஒட்டாமல், குவெரியில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாகப் பாராமீட்டராகக் கொடுங்கள். ஓஎல்ஈடிபியில் பாராமீட்டரின் பெயருக்கு மதிப்பில்லை, குவெரியில் கேள்விக்குறி வரும் வரிசையில் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் விலை அளவிலும் அளவு விலையிலும் போய் உட்காரும். தேதிக்கு வகையை ‘டேட்’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சும்மா ‘நவ்’ என்று கொடுத்தால் மில்லி விநாடியோடு போய், டேட்டா டைப் பொருந்தவில்லை என்று நிற்கும். வராதவை மாதக் கடைசி நாளின் பில்கள் என்றால் காரணம் வேறு: தேதியோடு நேரமும் சேமிக்கப்படுவதால், 30 வரை என்று கேட்டால் 30-ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவு 12 மணி வரை மட்டுமே வரும். அடுத்த மாதம் 1-ஆம் தேதிக்குக் குறைவானவை என்று கேளுங்கள்.

பைசா உதைப்பது ரவுண்டிங்கால். 12.50 ரூபாய்க்கு 9 சதவீத சிஜிஎஸ்டி 1.125. ‘மேத் ரவுண்ட்’ சரிபாதி வந்தால் இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் சாயும், 1.12 தரும். ‘ஃபார்மேட்’ 1.13 என்று அச்சடிக்கும். பில்லில் ஒன்று, கூட்டலில் ஒன்று. ‘அவே ஃப்ரம் ஜீரோ’ என்று சொல்லி, டபுளுக்குப் பதில் டெசிமல் வைத்து, பில்லில் ஒரு பொருளுக்கு ஒரு முறை ரவுண்ட் செய்து அந்தத் தொகையையே சேமியுங்கள்.

தமிழ்ப் பெயர் விஷயம். ஆக்சஸ் 2000 முதல் டேட்டாபேஸ் யூனிகோடுதான், அங்கே பிரச்சினை இல்லை. தெர்மல் பிரின்டருக்கு நீங்கள் நேரடியாக பைட்டுகளாக அனுப்புகிறீர்கள். பிரின்டர் அவற்றைத் தன் உள் எழுத்துப் பட்டியலை வைத்துப் படிக்கும், அதில் தமிழ் இருக்காது. விண்டோஸிலும் தமிழுக்கென்று பழைய ஏஎன்எஸ்ஐ கோட்பேஜ் கிடையாது, யூனிகோடு மட்டும்தான். அதனால் எந்த இடத்தில் எழுத்து ஏஎன்எஸ்ஐ பைட்டாக மாறினாலும் கேள்விக்குறி ஆகிவிடும். பிரின்டரின் விண்டோஸ் டிரைவரை நிறுவி, ‘பிரிண்ட் டாக்குமென்ட்’ மூலம் அச்சிடுங்கள். லதாவோ நிர்மலா யூஐயோ ஃபான்ட்டாக இருக்கட்டும். விண்டோஸே எழுத்தை வரைந்து படமாக அனுப்பிவிடும். இன்னொன்று, பெயரை 20 எழுத்தில் வெட்ட ‘சப்ஸ்ட்ரிங்’ போட்டிருக்கிறீர்கள். சுத்தியல் நமக்கு ஐந்து எழுத்து, டாட்நெட்டுக்கு ஒன்பது. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும், வெட்டும் இடத்தில் ஒரு புள்ளி போனால் சொல்லே மாறிவிடும். ‘ஸ்ட்ரிங் இன்ஃபோ’ வைத்து முழு எழுத்தாக எண்ணி வெட்டுங்கள். நம் கடைக்காரர்கள் பொருளின் பெயரைத் தமிழில் பார்க்க ஆசைப்படுவது நியாயமான ஆசை, அதற்கு இவ்வளவு சிரமப்படலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது ஒன்று. டேட்டாபேஸ் ஃபைல் இப்போது ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் இருக்கிறது. 2007-இல் விண்டோஸ் விஸ்டா கடைகளுக்கு வந்ததிலிருந்து அங்கே சாதாரண யூசர் எழுத முடியாது. மேனிஃபெஸ்ட் (தனக்கு என்ன அனுமதி வேண்டும் என்று புரோகிராம் சொல்லும் குறிப்பு) இல்லாத பழைய 32 பிட் புரோகிராம் எழுத முயன்றால், விண்டோஸ் அதைத் தடுக்காமல் அந்த யூசருக்கென்று ‘வர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற இடத்தில் ஒரு நகல் எடுத்து அதில் எழுத விடும். வேறு யூசர் உள்ளே வந்தால் நேற்றைய பில் எதுவும் இருக்காது. ஃபைலைத் தனி ஷேர் ஃபோல்டருக்கு மாற்றுங்கள். அந்த ஃபோல்டரில் எல்லோருக்கும் ஃபைலை உருவாக்கவும் அழிக்கவும் அனுமதி வேண்டும், ஆக்சஸ் தன் லாக் ஃபைலை அங்கேதான் வைக்கும். மாற்றிய பிறகு எங்காவது தகராறு செய்தால் சிஸ்இன்டர்னல்ஸின் ‘புராசஸ் மானிட்டர்’ எடுத்து, உங்கள் எக்ஸ்இ பெயருக்கு ஃபில்டர் போட்டு, ‘ஆக்சஸ் டினைடு’, ‘நேம் நாட் ஃபவுண்ட்’ என்று வரும் வரிகளைப் பாருங்கள். இலவசம்தான்.

நாளை கடைக்குப் போனால் எதையும் மாற்றுவதற்கு முன் கல்லா சிஸ்டத்தில் டாஸ்க் மேனேஜர், ‘டீட்டெயில்ஸ்’ பகுதி, தலைப்பில் வலது கிளிக் செய்து ‘யூசர் ஆப்ஜெக்ட்ஸ்’, ‘ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்’ இரண்டு பத்தியையும் சேர்த்துவிடுங்கள். ஒரு பில் போடுங்கள், எண்ணைக் குறியுங்கள். இன்னொரு பில் போடுங்கள், மறுபடி குறியுங்கள். 40 ஏறியிருந்தால் நான் சொன்னதுதான். வேறு எண் ஏறினால் அந்த எண்ணையும், லாக் ஃபைலையும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.